வாசகர் கேள்விகள்: பேசிய பாம்பும் அறுத்த கதவும்

கேள்வி: என் மகள் நெதர்லாந்தில் இருக்கிறாள். அவள் போகிற சபை 2023-ல் இன்னொரு சபையோடு இணைந்துவிட்டதாம். சீர்திருத்தச் சபைக்காரர்கள் விசுவாச அறிக்கையில் ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்காதவர்கள் என்றுதானே சொல்வார்கள்? இப்படி இணைவதால்தான் நீர்த்துப்போகிறார்களா?
(ஒரு தாய், நாகர்கோவில்)

பதில்: அம்மா, நீங்கள் சொல்வது 2023 மே 1-ல் நடந்த இணைப்பாகத்தான் இருக்கும். காரணத்தையும் விளைவையும் நீங்கள் இடம் மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நீர்த்துப்போவது முதலில் நடந்துவிடுகிறது, இணைப்பு பிறகு வருகிறது, பல வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திவிட்டு ஒருநாள் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

அந்த நாட்டுச் சீர்திருத்தச் சபைகளுக்கு அஸ்திவாரம் மூன்று ஆவணங்கள்: 1561-ன் பெல்ஜிக் அறிக்கை, 1563-ன் ஹைடல்பர்க் வினாவிடை, 1618-19-ல் டார்ட் நகரத்தில் கூடிய சினாடு, அதாவது சபைப் பிரதிநிதிகளின் பேரவை, வகுத்த கோட்பாடுகள். போதகர், மூப்பர், பேராசிரியர் எல்லோரும் இதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஹைடல்பர்க் வினாவிடையில் 129 கேள்விகள் உண்டு, அவற்றை 52 பங்காகப் பிரித்திருப்பார்கள், ஞாயிறு இரண்டாவது ஆராதனையில் வாரம் ஒரு பங்கு என்று பிரசங்கம் செய்து வருடத்துக்கு ஒரு சுற்று முடிப்பார்கள். இந்த மூன்றையும் இணைந்த சபைகள் அழித்துவிடவில்லை, சட்டப் புத்தகத்தில் இன்றும் இருக்கின்றன. காலியானது அந்த இரண்டாவது ஆராதனையின் பெஞ்சுகள்தான். எனக்குக் கேட்டால், ஆவணம் திருத்தப்படுவதைவிட இதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

ஒரு பழைய கதை. ஆம்ஸ்டர்டாம் போதகர் கேல்கெர்கன், ஏதேனில் பாம்பு பேசியதை நேரடியாக அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதைத் திறந்த கேள்வியாக விட்டார். 1926-ல் அஸன் நகரத்து சினாடு அவரைப் பதவியிலிருந்தே இறக்கியது. அதே சபையின் சினாடு 1967-ல் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. நாற்பது வருடத்தில் பாம்பும் மாறவில்லை, அறிக்கையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, வாசிக்கிறவர்கள்தான் மாறிவிட்டார்கள். அதற்கு ஆறு வருடம் முன்பே, 1961-ல், இந்தச் சபையும் பழைய அரசுசார் சபையும் பிரிந்து கிடப்பது இனி சகிக்க முடியாது என்று இரு பக்கத்துப் போதகர்கள் 18 பேர் அறிக்கை விட்டிருந்தார்கள். அந்தப் பேச்சு இழுத்து இழுத்து 2004 மே 1-ல் லூத்தரன் சபையையும் சேர்த்துக்கொண்டு ஒரே புராட்டஸ்டண்ட் சபையாக முடிந்தது.

உங்கள் மகளின் சபைக் கதை இதைவிடச் சிக்கல். 1944-ல், நாட்டை ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த நேரத்தில், கிளாஸ் ஸ்கில்டர் என்ற பேராசிரியர் அவர்களுக்குப் பயந்து தலைமறைவாக இருந்தார். அப்போது அவருடைய சொந்த சினாடே, கேல்கெர்கனை இறக்கிய அதே சபையின் சினாடே, அவரைப் பதவி நீக்கியது! ஞானஸ்நானம் பெறும் குழந்தையை ஏற்கெனவே ஆவியில் மறுபிறப்பு அடைந்ததாகக் கருத வேண்டும் என்று சினாடு வற்புறுத்தியது, அறிக்கைக்கு மேலே இன்னொரு பாரத்தை எங்கள் தலையில் ஏற்றாதீர்கள் என்று ஸ்கில்டர் பக்கத்தவர்கள் சொன்னார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'விடுவிக்கப்பட்ட' சபை. சரி, பட்டவர்கள் பிறரிடம் தாராளமாக நடந்திருப்பார்கள் என்று பார்த்தால் அதுதான் இல்லை. 1966-ல் வெளியான ஒரு திறந்த மடலுக்காக, தங்களுக்குள்ளேயே கொஞ்சம் இளக்கமாக யோசித்தவர்களை அடுத்த சில வருடங்களில் வெளியே தள்ளினார்கள். 2023-ல் இணைந்தது தள்ளியவர்களும் தள்ளப்பட்டவர்களும்தான். ஒரு டச்சுக்காரர் இருந்தால் இறையியலாளர், இருவர் இருந்தால் சபை, மூவர் இருந்தால் பிளவு என்று அந்த ஊர்க்காரர்களே கேலி பேசுவார்கள்.

இடையில் 2017-ல், 'விடுவிக்கப்பட்ட' சபையின் மெப்பல் நகரத்து சினாடு பெண்களுக்கு போதகர், மூப்பர் பதவிகளைத் திறந்துவிட்டது. தள்ளப்பட்டவர்கள் அந்த முடிவுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். பெண்கள் வரலாமா என்பதைவிட, பவுல் எழுதியதை 'அது அந்தக் காலத்துக்கு' என்று ஒதுக்குகிற வாசிப்புமுறைதான் எதிர்த்தவர்களுக்கு உறுத்தியது, அந்த உறுத்தலை நான் அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டேன். 1982-ல் குரோனிங்கனில் 'விடுவிக்கப்பட்ட' சபையார் முன்னின்று கூட்டித் தொடங்கிய சர்வதேச சீர்திருத்தச் சபைகள் மாநாடு, அதே 2017-ல் இவர்களையே இடைநிறுத்திவிட்டது.

மகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: சபையில் வினாவிடைப் பிரசங்கம் இன்னும் நடக்கிறதா?

கேள்வி: நம்ம தென்னிந்தியத் திருச்சபையும் இப்படி இணைந்ததுதானே? அதை ஏன் யாரும் குறை சொல்வதில்லை?
(வேலூர் வாசகர்)

பதில்: சொன்னவர்கள் நிறையப் பேர், ஆனால் இங்கிலாந்தில் உட்கார்ந்து சொன்னார்கள். 1919-ல் தரங்கம்பாடியில் பேச்சு தொடங்கி, 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் இணைப்பு முடிந்தது. அங்கே சண்டை பெரும்பாலும் பேராயர் பதவியைப் பற்றியது. உங்கள் ஊருக்கே இதில் பங்கு உண்டு, ஐடா ஸ்கடர் வந்த ஆற்காடு மிஷனை அனுப்பியது அமெரிக்காவின் சீர்திருத்தச் சபை, அதன் வேர் டச்சு.

கேள்வி: இணைப்பு வேண்டாம் என்று நிற்பவர்களுக்குக் கோயில் கட்டடம் கிடைக்குமா?
(தூத்துக்குடி)

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. 1886 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமின் நியூவ கெர்க் என்ற பெரிய கோயிலில், பூட்டியிருந்த சபை அறையின் கதவில் ஒரு பலகையை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு உள்ளே நுழைந்தது, பழைய அரசுசார் சபையிலிருந்து பிரிந்த ஆபிரகாம் கைப்பர் அணி. பின்னாளில் பிரதமரான அதே கைப்பர்தான்! அறுத்தும் பயனில்லை, கட்டடங்கள் பழைய சபையிடமே நின்றுவிட்டன, இவர்கள் சொந்தமாகக் கட்டிக்கொண்டார்கள். முதல் பதிலில் சொன்ன 2004 இணைப்பில் தலைகீழ். கைப்பரின் வாரிசுகள் பழைய சபையோடு கைகோத்துக்கொள்ள, இணைய மறுத்த பழைய சபைக்காரர்கள் பல ஊர்களில் தாத்தா காலத்துக் கோயிலை விட்டு வெளியேறினார்கள், சிலர் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு ஆராதனை நடத்தினார்கள். இந்த முறை யாரும் ரம்பம் எடுக்கவில்லை, வக்கீல்களை வைத்துக்கொண்டார்கள்.