சூரியப் புயல் வந்தால் வெயில் கூடுமா?

கேள்வி: "சூரியப் புயல் வருகிறது, வெயில் இரண்டு மடங்காகும், ராத்திரி செல்போனை அணைத்துவிடுங்கள்" என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அம்மா பயந்துபோய் இருக்கிறார். உண்மையா?
(ஒரு வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: பொய். இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

வெயில் என்பது ஒளி, சூரியனிலிருந்து கிளம்பி எட்டு நிமிஷம் சொச்சத்தில் நம் மொட்டைமாடிக்கு வந்துவிடும். புயல் என்பது மின்னூட்டமுள்ள துகள்களையும் காந்தப்புலத்தையும் சூரியன் மொத்தமாக வீசியெறிவது; அது வந்துசேர ஒன்றிரண்டு நாளாவது ஆகும், வந்தாலும் பூமியின் காந்தப்புலமும் காற்றும் அதைத் தரைவரை விடுவதில்லை. 2024 மே 10, 11 தேதிகளில் 20 ஆண்டுகளில் இல்லாத பெரிய புயல் அடித்து, லடாக்கில் ஹான்லே வானம் சிவந்தது. அப்போது இங்கே கத்திரி. அந்த வெயில் புயலால் வந்ததில்லை, கத்திரி வருஷா வருஷம் வருவதுதானே.

பாதிப்பே கிடையாதா என்றால், உண்டு. துகள்கள் தரைக்கு வராவிட்டாலும் புயல் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும்; அப்படிக் குலுக்கியதில் 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. ஜிபிஎஸ்ஸும் சிறிது நேரம் இடத்தைத் தள்ளிக் காட்டலாம், உவரியிலும் கூத்தங்குழியிலும் அதை நம்பிக் கடலுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி அது. செல்போனை அணைப்பதால் எதுவும் மாறாது.

எனக்கு ஆதங்கம் வேறு. இதையெல்லாம் கவனிக்கிற ஆய்வுக்கூடம் உங்களுக்குப் பக்கத்திலேயே, சிற்பம் பார்க்கப் போகிற அதே கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது, இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்துடையது. ஏன் நம் ஊரில்? பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது, இங்கே காந்தக்கோடுகள் அநேகமாகத் தரைக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர் மேல்காற்றை மின்னேற்ற, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலெல்லாம் ஒரு மின்னோட்டம் கிழக்குப் பார்த்து ஆறு மாதிரி ஓடுகிறது. காலையில் தொடங்கி உச்சிப்பொழுதை ஒட்டிப் பெருகி, பொழுது சாய வற்றிவிடும். தரையில் வைத்த காந்தமானிகள் அதன் ஏற்ற இறக்கத்தைப் பதிந்துகொண்டே இருக்கும், புயல் வந்தால் அந்தப் பதிவுக்கோடு தாறுமாறாகத் துள்ளும். இப்படி ஒன்று தினமும் தலைக்கு மேலே ஓடுவது தெரியாமல் வாட்ஸ்அப் புரளிக்கு நாம் பயப்படலாமா?

கத்திரி முடியும்வரை அம்மா உச்சி வெயிலில் வெளியே போக வேண்டாம், அது வெயிலுக்காக மட்டும். இந்தப் பதிலை அதே குழுவில் போடுங்கள்.