முட்டைக்கோஸ் ஜூலை

வணக்கம். 1848-ல் அயர்லாந்தில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக நடந்த எழுச்சி, ஒரு விதவையின் முட்டைக்கோஸ் தோட்டத்தில் முடிந்ததாகப் படித்துச் சிரித்துவிட்டேன். தலைவர் ஸ்மித் ஓ'பிரையன் அந்த வீட்டுக்குத் தீ வைக்க விட்டிருந்தால் ஜெயித்திருப்பார்கள்தானே? ஐரிஷ் மூவர்ணக் கொடி அந்த ஆண்டு வந்ததுதானா?
கே.

அன்புள்ள கே.,

ஆமாம், கொடி அந்த ஆண்டுதான். வாட்டர்ஃபோர்டு நகரில் மார்ச் மாதம், எழுச்சித் தலைவர்களில் ஒருவரான தாமஸ் மாஹர் ஏற்றினார். அது கிடக்கட்டும்.

சிரித்தேன் என்கிறீர்களே, எதைப் பார்த்து? ஆங்கிலப் பத்திரிகைகள் பட்டினிக்காரர்களைப் பார்த்துச் சிரித்த பழைய சிரிப்பு அது. ஐரிஷ் கிராமங்களில் ஜூலைக்கு 'முட்டைக்கோஸ் ஜூலை' என்றே பெயர் உண்டு. பழைய உருளைக்கிழங்கு தீர்ந்து, புதியது தோண்டும் பருவம் வராத மாதம். இருக்கிற இலையை வேகவைத்துத் தின்று நாளைக் கடத்துவார்கள். 1845-ல் உருளைக்கிழங்குக்கு வந்த கருகல் நோய் 1848-லும் திரும்ப வந்தது. அந்த ஜூலையில் ஒரு படையைத் திரட்டிப் பாருங்கள்!

அறுவடை முடிந்தபின் எழுவது என்பதுதான் திட்டம். விசாரணையில்லாமல் சிறையில் போடும் சட்டத்தை அரசு ஜூலைக் கடைசியில் அவசரமாக நிறைவேற்றியதும், வேறு வழியில்லாமல் கிளம்பினார்கள். மல்லினஹோன் என்ற ஊரில் கூட்டம் கூடியது. ஓ'பிரையன் தன் காசில் ரொட்டி வாங்கிக் கொடுத்தார். பிறகு, நான்கு நாளுக்கான உணவை அவரவரே கொண்டு வாருங்கள், யார் சொத்திலும் கை வைக்கக் கூடாது என்றார். நான்கு நாள் சாப்பாடு கையில் இருப்பவன் அந்த ஊரில் யார்? வீட்டுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. பாதிரியார்களும் போகாதே என்றார்கள். ஆனால் கூட்டத்தைக் கரைத்தது வயிறுதான். தோட்டா ஒன்றுகூட வெடிக்குமுன்பே எழுச்சி அங்கே தோற்றுவிட்டது. ஓ'பிரையனுடைய கண்ணியத்தை மதிக்கிறேன். பசித்தவர்களுக்காகத் தானியக் கிடங்கைத் திறக்காதது பெரும்பிழை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தீ விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை 29, பாலிங்காரி என்ற ஊர். 40-க்கும் மேற்பட்ட போலீஸார் நீங்கள் சொன்ன அந்த விதவை மார்கரெட் மக்கார்மக்கின் கல்வீட்டுக்குள் புகுந்து, ஜன்னல்களைச் சாமான்களால் அடைத்துக்கொண்டார்கள். அவர் வெளியே போயிருந்தார். உள்ளே அவருடைய ஐந்து பிள்ளைகள். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான மக்மானஸ், வீட்டின் பின்னால் வைக்கோலைக் குவித்தார். ஓ'பிரையன் தடுத்துவிட்டு, தானே ஜன்னலருகே போய்ப் பேசினார். போலீஸார் சுட்டார்கள். கிளர்ச்சிக்காரர்கள் இருவர் செத்தார்கள். கொளுத்தியிருந்தால் 40 துப்பாக்கி கிடைத்திருக்கும், மறுநாள் காலைக்கு ரொட்டி கிடைத்திருக்காது. ஐந்து பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமல் 'ஜெயித்திருப்பார்கள்தானே' என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

அன்று காயம்பட்ட ஜேம்ஸ் ஸ்டீபன்ஸ் 1858-ல் டப்ளினில் ரகசிய இயக்கம் தொடங்கினார். தூக்குத் தண்டனை மாற்றப்பட்டு ஓ'பிரையன் டாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். மக்கார்மக் குடும்பம் பின்னர் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.