கடலைத் தூரில் கடுகு போல உருண்டைகள்: என்ன செய்யலாம்?

கேள்வி: நம்பியூர் பக்கம் செம்மண் காட்டில் 2 ஏக்கர் நிலக்கடலை போட்டிருக்கிறேன். ஆடிக் கடைசியில் விதைத்தது, 55 நாள் ஆகிறது. 45ஆம் நாள் ஜிப்சம் போட்டுக் கொத்தி மண் அணைத்தோம். போரில் தண்ணீர் குறைவு, காடு காய்ந்து கிடந்தது. அப்புறம் புரட்டாசி மழை இரண்டு நாள் நன்றாகப் பெய்தது. இப்போது அங்கங்கே வட்டம் வட்டமாகச் செடி வாடுகிறது. தூரில் வெள்ளை நூலும் கடுகு மாதிரி உருண்டையும் தெரிகிறது. மருந்துக்கடையில் வேரழுகல் என்று கார்பென்டசிம் கொடுத்தார்கள். ஊற்றியும் நிற்கவில்லை. அடுத்த பட்டமும் கடலையே போடலாமுங்களா?

பதில்: அந்தக் கடுகு ஒன்றே போதும், நோய் எதுவென்று சொல்லிவிடலாம். உங்கள் காட்டில் இருப்பது வேரழுகல் இல்லை, தண்டழுகல். ஸ்கிளீரோசியம் ரால்ஃப்சி என்ற பூஞ்சாணத்தின் வேலை. வாடுகிற செடி ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வேர் மண்ணிலேயே நின்றுகொள்ள, தூரோடு அறுந்து கையில் வரும். மண்ணை ஒட்டிய இடத்தில் விசிறி விரித்தது போல வெண்ணூல் படர்ந்திருக்கும். உருண்டைகள் முதலில் வெள்ளையாக இருந்து, பிறகு கடுகு நிறத்துக்கு மாறும். அவைதான் பூஞ்சாணத்தின் வித்து.

கழுத்தழுகல் என்றால் விதைத்த முதல் மாதத்திலேயே வரும், தூரைத் தொட்டால் கரி போல விரலில் ஒட்டும். வேரழுகலில் வேர்த்தோல் நார் நாராக உரியும், உள்ளே கரித்தூள் தூவியது போலப் புள்ளிகள் இருக்கும். அதற்கு வெயிலும் வறட்சியும் வேண்டும். மூன்றுக்கும் செடி வாடத்தான் செய்யும் என்பதால், செடியைப் பார்க்காமல் வாய்வார்த்தையில் மருந்து கொடுத்தால் இப்படித்தான் ஆகும். கார்பென்டசிம் மற்ற இரண்டுக்கும் ஓரளவு கேட்கும், தண்டழுகல் பூஞ்சாணத்துக்கு அவ்வளவாகக் கேட்காது. மருந்து போலி என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் மாறிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

சரி, இப்போதைக்கு என்ன? வாடிய செடிகளைத் தூர் மண்ணோடு பறித்து அங்கேயே சாக்கில் போட்டுக் கட்டுங்கள். காடு முழுக்க இழுத்துக்கொண்டு போய் வரப்பில் குவித்தால், போகிற வழியெல்லாம் கடுகு விதைத்த மாதிரி ஆகிவிடும். வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். பறித்த குழியிலும் சுற்றியுள்ள செடிகளின் தூரிலும் டெபுகோனசோல் 25.9 இசி மருந்தை லிட்டருக்கு 1 மில்லி கலந்து நனைய ஊற்றுங்கள். முனையைக் கழற்றிய கைத்தெளிப்பானே போதும். இலையில் பட்டு வழிந்தால் பிரயோசனம் இல்லை, தூரில் இறங்க வேண்டும். அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று லேபிளில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொடியை மாட்டுக்குப் போடுகிறவர்களுக்கு இது முக்கியம். டிக்கா இலைப்புள்ளி இருந்தால் அதையும் சேர்த்து அடக்குங்கள். உதிரும் இலைதான் இந்தப் பூஞ்சாணத்துக்குச் சாப்பாடு. நோய் வந்த பாத்தியில் புகுந்த தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாதபடி மடையைத் திருப்பிவிடுங்கள்.

மண் அணைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை. பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது இறங்க அது வேண்டும்தான். ஆனால் மண்வெட்டியால் அள்ளித் தூர்மேலேயே குவித்து, அடி இலையையும் கிளையையும் மூடிவிட்டால், மூடிய பச்சை அழுகி நோய் அங்கே பற்றும். பக்கவாட்டில் மட்டும் மண் ஏற வேண்டும், தூர் திறந்திருக்க வேண்டும். உங்கள் காட்டில் வறட்சி, அதன்மேல் மழை, அதற்கு முன்னால் இந்த மண். மூன்றும் சேர்ந்துகொண்டன என்றே நினைக்கிறேன்.

அடுத்த பட்டம் கடலை வேண்டாம். தக்காளி, மிளகாய், கத்தரியும் வேண்டாம், எல்லாவற்றிலும் இது வரும். சோளமோ கம்போ மக்காச்சோளமோ போடுங்கள். நம்மூரில் சோளத்தட்டு எப்படியும் மாட்டுக்கு வேண்டும், நட்டம் ஒன்றும் இல்லை. கீழ்பவானி வாய்க்கால் பாய்கிற இடங்களில் நெல்லும் கடலையும் மாறி மாறி வருவதால் ஒரு லாபம் உண்டு. நெல்லுக்குத் தேங்கும் தண்ணீரில் இந்த வித்துகள் கணிசமாகச் செத்துப்போகும்.

வித்துகள் மேல்மண்ணில் மூன்று நான்கு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். காற்றுப்படாத ஆழத்துக்குப் போனால் அவை முளைக்காமல் மடியும். அதனால் கோடையில் சட்டிக் கலப்பையால் மண்ணைப் புரட்டிப் போடுங்கள். ரோட்டவேட்டர் மேல்மண்ணையே கலக்கி வட்டத்தைப் பெரிதாக்கிவிடும். புரட்டிய மறு வருஷமே திரும்ப ஆழ உழுதால் புதைத்ததை மறுபடி மேலே கொண்டுவந்த கதைதான், அதற்கப்புறம் லேசான உழவே போதும். மக்காத எருவைக் கொட்டாதீர்கள். நோய் வந்த கொடியில் மாடு தின்றது போக மிஞ்சிய கட்டையும் எருக்குழிக்குப் போகக் கூடாது, அங்கிருந்து திரும்பக் காட்டுக்கே வந்துவிடும்.

மறுபடி கடலை போடும் வருஷம், ஏக்கருக்கு 60 கிலோ வேப்பம் புண்ணாக்கை அடியுரமாகவும், நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா 1 கிலோவை 20 கிலோ மக்கிய எருவில் கலந்தும் போடுங்கள். விதைக்கு, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா. தழைச்சத்துக்கான நுண்ணுயிர் உரமான ரைசோபியத்தையும் இதோடு சேர்க்கலாம். இல்லையென்றால் டெபுகோனசோல் 2 டிஎஸ் தூள், கிலோவுக்கு 1.5 கிராம். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், மருந்து டிரைக்கோடெர்மாவையும் சேர்த்துக் கொன்றுவிடும். விதை வேறு காட்டிலிருந்து வரட்டும். இப்போதுள்ள வட்டங்களில் எடுக்கிற காயை எந்த வகையிலும் விதைக்கு வைக்காதீர்கள்.

அறுவடைக்கு முன்பு, வட்டம் வந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி நட்டு, சாளை (காட்டு வீடு) சுவரில் கரியால் அந்த இடங்களை வரைந்து வையுங்கள். உழுதபின் காடு எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும்.