பதினொரு மணிக்கு வாத்துக் கடைக்குப் போங்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சீனச் சாப்பாட்டைப் பற்றியவை. பள்ளி விடுமுறை நெருங்குகிறது, ஊரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், நம்மவர்களும் வெளிநாடு கிளம்புகிறார்கள், அதனால் இருக்கும். மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, திருச்சியிலிருந்து என் அண்ணன் குடும்பம் நான்கு நாள் வருகிறது. வீடியோவில் பார்த்துவிட்டு, "சிங்கப்பூர் வந்தால் ரோஸ்ட் டக் சாப்பிட்டே ஆகணும்" என்கிறார் அண்ணன். பதினைந்து வருடமாக இங்கே இருந்தும் எனக்கு ஒரு கடையும் தெரியாது. எந்தக் கடைக்குக் கூட்டிப் போவது?
வாசகி, ஈசூன்

பதில்: தெரியவில்லை என்று வருத்தப்படாதீர்கள், நம்மில் பலர் சிக்கன் ரைசோடு நின்றுவிடுகிறோம். நீங்கள் கடையின் பெயரைக் கேட்கிறீர்கள். நான் முதலில் நேரத்தைச் சொல்கிறேன். பெரிய பெயர் வாங்கிய கடையில் இரவு எட்டரைக்கு வாங்கும் வாத்தைவிட, உங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் காலை பதினொரு மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கிய வாத்து நன்றாக இருக்கும். பல கடைகளில் பல நேரங்களில் சாப்பிட்டுப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

எல்லாம் அந்தத் தோலில் இருக்கிறது. இங்கே கொக்கியில் தொங்கும் வாத்து பெரும்பாலும் கான்டனீஸ் முறையில் செய்தது. வயிற்றுக்குள் உப்பு, சர்க்கரை, இஞ்சி, சோயா விழுது, ஐந்து மசாலாப் பொடி எல்லாம் போட்டுக் கம்பியால் தைத்து மூடுவார்கள். ஐந்து மசாலா என்றதும் உங்கள் அண்ணன் தயங்க வேண்டாம், பட்டை, கிராம்பு, சோம்பு, அன்னாசிப்பூ என்று நாம் பிரியாணிக்குப் போடுபவைதான், கூடச் சிச்சுவான் மிளகு மட்டும் புதிது. அப்புறம் தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றடித்து உப்ப வைத்து, மேலே கொதிநீர் ஊற்றி, மால்ட் சர்க்கரைப் பாகும் வினிகரும் கலந்து பூசி, மணிக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். அப்படி உலர்ந்த தோல்தான் சூட்டில் மொறுமொறுப்பாகும், பாகு சிவக்கும், கொழுப்பு உருகி வழியும். வயிற்றில் தேங்கி நிற்கும் மசாலாச் சாறுதான் சோற்றின்மேல் ஊற்றிக் கொடுக்கும் அந்தக் குழம்பு. இவ்வளவு பாடுபட்டுச் செய்த தோல், நம் ஊர் ஈரக் காற்றில் நாலைந்து மணி நேரம் தொங்கினால் தளர்ந்துபோகும், அதை எந்தக் கைகாரச் சமையல்காரராலும் தடுக்க முடியாது.

மதுரையிலிருந்து என் சித்தப்பா வந்திருந்தபோது நான் இந்தத் தவறைச் செய்தேன். கடைசி நாள் இரவு, ஊரெல்லாம் சுற்றிவிட்டு எட்டு மணிக்கு மேல் ஓர் உணவகத்துக்குக் கூட்டிப் போனேன். மறுபடி சூடாக்கிய வாத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். தோல் ரப்பர் மாதிரி இழுத்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், மறுநாள் காலை விமானம். அவருக்கு ஒரு நல்ல வாத்து வாங்கிக் கொடுக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், கடைசி நாள் இரவுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

இடம் வேண்டுமென்றால், ஸ்மித் ஸ்திரீட்டில் இருக்கும் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் இரண்டாவது மாடிக்குக் கூட்டிப் போங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட சாப்பாட்டுக் கடைகள், நாட்டிலேயே பெரிய உணவங்காடி அதுதான். காலையில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே நடந்துவிடலாம். 1827இல் தொடங்கிய கோயில், அவர்களும் பார்க்க வேண்டிய இடம். கோயிலுக்குப் போன அன்று கவிச்சி தொடமாட்டோம் என்பவர்கள் நாளை மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் பதினொரு மணிக்கு வரிசையாகத் தொங்கி, இரண்டு மணிக்கெல்லாம் கொக்கி காலியாகிவிடுகிற கடைதான் நம்பிப் போகவேண்டிய கடை. சாயங்காலமும் அதே எண்ணிக்கையில் தொங்கினால் கடந்து போய்விடுங்கள்.

நான்கு பேருக்கு ஆளுக்கொரு தட்டு வாத்துச் சோறு வாங்காதீர்கள், வெட்டும்போது யாருக்கு எந்தத் துண்டு வருமென்று சொல்ல முடியாது. அரை வாத்து வெட்டித் தரச் சொல்லிச் சோற்றைத் தனியாக வாங்குங்கள். கால் வாத்து போதும் என்றால் தொடை இருக்கும் கீழ்ப்பகுதியைக் கேளுங்கள், விலை கொஞ்சம் கூட இருக்கும், சதையும் கூட இருக்கும். சாற்றைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குங்கள், மேலே ஊற்றினால் தோல் ஊறிவிடும். எலும்போடுதான் வெட்டுவார்கள், குழந்தைகளுக்குச் சொல்லிவைக்கவும். இன்னொன்று, சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே எடுத்துப்போய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் உணவங்காடிகளில் இது கண்டிப்பான விதி, விருந்தாளிக்கு இது தெரியாது.

கேள்வி: தேக்காவில் பெரிய வரிசையில் நின்று வாத்துச் சோறு வாங்கினேன். தோலில் மொறுமொறுப்பே இல்லை. கறுப்புக் குழம்பில் மெத்துமெத்தென்று கிடந்தது. பழைய வாத்தா?
வாசகர், பூன் லே

பதில்: இல்லை ஐயா, நீங்கள் வாங்கியது வேறு வாத்து. அது அடுப்பில் தொங்கவிட்டது இல்லை, சோயா சாறும் பட்டையும் அன்னாசிப்பூவும் பேரரத்தையும் போட்டுக் குழம்பிலேயே மெல்ல வேகவைத்தது, சீனர்களில் ஒரு பிரிவினரான தியோச்சியூக்காரர்களின் கைப்பக்குவம். பேரரத்தை என்றால் மலாய்க்காரர்கள் லெங்குவாஸ் என்பார்களே, அதுதான். தேக்கா நிலையத்தில் ஹெங் கீ கடையின் வாத்துக்கு வரிசை நிற்பது இந்த வகைக்குத்தான். மொறுமொறுப்பை எதிர்பார்த்து வாயில் வைத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். குழம்பில் ஊறிய தாவ்குவாவும் (கெட்டித் தோஃபு) முட்டையும் சேர்த்து, சோற்றில் பிசைந்து இன்னொரு முறை சாப்பிட்டுப் பாருங்கள், நம் நாக்குக்கு இதுதான் சீக்கிரம் பிடிக்கும் என்பது என் கட்சி. தோலை நம்பி இருக்கிற வாத்து இல்லை என்பதால் மதியம் தாண்டியும் ருசி குறையாது. நேரத்துக்குப் போக முடியாதவர்களுக்கு இது நல்ல வழி.

வாங்கும்போது வித்தியாசம் தெரிய, கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள். சிவந்து பளபளவென்று இருந்தால் ரோஸ்ட், பழுப்பும் கறுப்புமாக மங்கலாக இருந்தால் குழம்பில் வெந்தது.

கேள்வி: என் மகள் அவளுடைய சீனத் தோழி வீட்டில் அடிக்கடி சாப்பிடுகிறாள். எண்ணெய் இல்லாமல், இலேசாக, கீரையும் சூப்பும் மீனுமாக இருக்கிறதாம். நாங்கள் உணவகத்துக்குப் போனால் ஒரே இனிப்பும் பொரித்ததுமாக வருகிறது. அந்த வீட்டுச் சாப்பாடு வெளியே எங்கே கிடைக்கும்?
வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நாம் உணவகத்தில் வாங்குவது பெரும்பாலும் விருந்துச் சாப்பாடு. நம் வீட்டிலும் தினமும் பிரியாணியா செய்கிறோம்? ரசம், பொரியல், கூட்டு என்று நமக்கு இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு, அது இரண்டு இடங்களில் கிடைக்கும்.

ஒன்று, சாப் சாய் பெங் கடை, விரலால் காட்டினால் சோற்றின்மேல் எடுத்து வைப்பார்களே, அது. அங்கே கறுப்புச் சாற்றில் கோழியையே காட்டாமல், ஆவியில் வேகவைத்த முட்டை, பூண்டு தட்டிப்போட்ட கீரை, மீன் என்று கேளுங்கள். முட்டை போட்டு வதக்கிய பாகற்காய் கண்ணில் பட்டால் விடாதீர்கள், நாம் செய்வதைவிடக் கசப்பு குறைவாக இருக்கும். இங்கேயும் பதினொரு மணிதான் நேரம், தட்டுகள் அப்போதுதான் அடுப்பிலிருந்து வரும். ஒன்றரை மணிக்குப் போனால் கீரை கறுத்திருக்கும்.

இன்னொன்று, சீ சார் கடை. ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் அதற்குச் சமைப்பது, வறுப்பது என்றுதான் அர்த்தம். குடியிருப்பு வட்டாரக் கோப்பிக்கடைகளில் மாலையில் மேசையெல்லாம் வெளியே போட்டு, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே, அதுதான். கேட்டபிறகு வாணலியில் போடுவதால் இங்கே இரவில்தான் போக வேண்டும். எல்லாவற்றையும் பொரித்ததாகக் கேட்காதீர்கள். நான்கு பேர் என்றால் ஆவியில் வேகவைத்த மீன் ஒன்று, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி வரும். ஒரு கீரை, கங்கோங்கோ கைலானோ. ஒரு தோஃபு. குழந்தைகளுக்காக ஹார் சியோங் காய், இறால் விழுதில் புரட்டிப் பொரித்த கோழி, அது ஒன்று மட்டும் பொரித்ததாக இருக்கட்டும். சூப் இருந்தால் சூப். வெள்ளைச் சோற்றோடு எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுங்கள். மீன், நண்டு, இறால் ஆகியவற்றுக்கு அட்டையில் அன்றைய விலை என்று போட்டிருந்தால் எடைக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம், சீனர்களும் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

சீ சாரில் கிடைக்காத ஒன்றையும் சொல்கிறேன். தாமரைத் தண்டும் வேர்க்கடலையும் பன்றி எலும்பும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைக்கும் சூப், வெண்பூசணி சூப், இதெல்லாம் பாட்டிகள் செய்வது. உணவங்காடியில் சூப் மட்டும் விற்கும் கடைகளில் தேடுங்கள். மகளின் தோழி வீட்டில் பாட்டி இருந்தால் நேரில் கேட்டுக் கற்றுக்கொள்வது அதைவிட நல்லது, நீங்கள் ஒரு டப்பாவில் சாம்பார் கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: நாங்கள் முஸ்லிம் குடும்பம். கண்ணாடிப் பெட்டியில் வாத்து மட்டும் தொங்கினால் வாங்கலாமா? என் தோழி சைவம், அவளுக்கும் வழி சொல்லுங்கள்.
வாசகி, கேலாங் செராய்

பதில்: வாங்காதீர்கள். வாத்து தொங்கும் பெரும்பாலான கடைகளில் பன்றியும் உண்டு, ஒரே கத்தி, ஒரே கட்டை. பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை என்று எழுதி ஒட்டியிருப்பது ஹலால் ஆகாது. முயிஸ், அதாவது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அந்தச் சான்றிதழ் வாங்கிய சீன உணவகங்களும் இருக்கின்றன.

தோழியை வாட்டர்லூ ஸ்திரீட்டுக்குக் கூட்டிப் போங்கள். குவான் இம் கோயிலும் நம் கிருஷ்ணன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டுக் கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றிப் போகும் சீனர்களைப் பார்க்கலாம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் சீன சைவக் கடைகள் உண்டு, சோயாத் தோலிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த சைவ வாத்தும் கிடைக்கும். பௌத்த முறைக் கடைகளில் வெங்காயம், பூண்டுகூடப் போடமாட்டார்கள்.

கேள்வி: அடுத்த மாதம் ஹாங்காங், பெய்ஜிங், அங்கிருந்து லண்டன் போகிறோம். இங்கே சாப்பிடுவதுபோல் வாத்து அங்கே கிடைக்குமா?
வாசகர், செங்காங்

பதில்: ஹாங்காங்கில் இதே கான்டனீஸ் வாத்துதான், சியூ மேய் என்று சொல்லும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் அங்கே போய் வாத்தோடு நின்றுவிடாதீர்கள், அவர்கள் பெருமைப்படுவது பெருவாத்தை, ஆங்கிலத்தில் கூஸ். ஷாம் செங் பகுதி அதற்குப் பேர்போனது, 1942இல் தொடங்கி, இப்போது வெலிங்டன் ஸ்திரீட்டில் இருக்கும் யுங் கீ உணவகமும் அப்படித்தான்.

பெய்ஜிங் வாத்து முற்றிலும் வேறு. சோற்றோடு வராது. தோலும் சதையுமாக மெல்லச் சீவி, மெல்லிய ரொட்டியில் இனிப்பு விழுது தடவி, வெங்காயத்தாள் வைத்துச் சுருட்டிச் சாப்பிட வேண்டும். 1864இல் தொடங்கிய சுவான்ஜூடே உணவகம் பழமரக் கட்டை எரியும் அடுப்பில் தொங்கவிட்டுச் செய்யும். பியென்யீஃபாங் உணவகம் தன் வரலாற்றை 1416இலிருந்து கணக்கிடுகிறது, அவர்களுடையது மூடிய அடுப்பு. இரண்டு நாள் இருந்தால் இரண்டையும் சாப்பிட்டுப் பாருங்கள். முழு வாத்து இருவருக்கு அதிகம், அரை கிடைக்குமா என்று கேளுங்கள்.

லண்டனில் ஜெரார்டு ஸ்திரீட்டில் நடந்தால் கண்ணாடியில் தொங்குவது தெரியும். நம் உணவுப் பட்டியல்களிலும் அயர்லாந்து வாத்து என்று போட்டிருப்பார்களே, கொழுப்பு கூடிய வாத்து, அது லண்டன் சீனக் கடைகளில் நெடுநாளாகப் புழங்குவது.

மூன்று ஊரிலும் உதவும் ஒரு சொல் தருகிறேன், ஜியா சாங் சாய். வீட்டுச் சமையல் என்று மாண்டரினில் அர்த்தம். சீன நண்பரிடம் அந்த மூன்று எழுத்தைக் கைப்பேசியில் எழுதித் தரச் சொல்லுங்கள், பலகையில் அந்த எழுத்து இருக்கும் சின்னக் கடைகளில் நுழையுங்கள்.

கேள்வி: மாமனார், மாமியார் சீனப் புத்தாண்டு வாரத்தில் வருகிறார்கள். அப்போது வாத்து கிடைக்குமா?
வாசகி, பொங்கோல்

பதில்: அந்த வாரம் வேண்டாம். புத்தாண்டுக்கு முந்தின நாள் மதியத்தோடு பல கடைகள் சாத்திவிடும், சில கடைகள் வாரக்கணக்கில் திறக்காது. பயணத்தைத் தள்ளிப்போட முடியாதென்றால் முந்தின நாள் காலையிலேயே போய் முழு வாத்தாக டாபாவ் செய்து, அதாவது பொட்டலம் கட்டி வாங்கி வந்துவிடுங்கள். வரிசை நீளமாக இருக்கும், பத்து மணிக்கே போய் நில்லுங்கள்.