காட்டோரத்து மரங்கள் ஏன் விழுகின்றன? – கடிதம்

வணக்கம் சார்,

வேலைக்காகக் குடும்பத்தோடு சுவீடனில், வெக்ஷோ நகரத்தில் இருக்கிறேன். விடுமுறை நாட்களில் பக்கத்து ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) காட்டுக்குள் நடப்போம். வெளியே ஆளைத் தள்ளுகிற காற்று அடித்தாலும் உள்ளே அமைதியாக இருக்கும். ஆனால் அந்த அமைதிக்கு நடுவே திடீரென்று மேலிருந்து ஒரு வீச்சு இறங்கி, உடனே அடங்கிவிடும். போன வருடம் பக்கத்து நிலக்காரர் தன் காட்டை மொத்தமாக வெட்டினார். இந்தக் குளிர்காலத்தில் எங்கள் பாதையோர மரங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன, இத்தனைக்கும் பெரிய புயல் ஒன்றும் வரவில்லை. இங்கே எல்லோரும் 2005 குட்ரூன் புயலைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். நெருக்கமாக நிற்கும் மரங்கள் ஒன்றை ஒன்று காப்பாற்றும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு அடர்ந்த காடு எப்படி விழுந்தது? இன்னொரு கேள்வி. தேனிப் பக்கம் அப்பாவுக்கு வாழைத்தோட்டம். ஆடிக் காற்றில் வருடாவருடம் நஷ்டம். மேற்கு வரப்பில் சவுக்கை மதில் மாதிரி நெருக்கி நட்டுவிடலாம் என்கிறார். செய்யலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நெருக்கமாக நிற்கும் மரங்கள் ஒன்றுக்கொன்று துணை என்று நீங்கள் நினைத்தது சரிதான். அந்தத் துணையை ஒரு பக்கம் மட்டும் உருவிவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் உங்கள் பாதையோரத்தில் பார்த்திருக்கிறீர்கள்.

முதலில் மேலிருந்து இறங்குகிற அந்த வீச்சைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. காட்டுக்கு மேலே காற்று தடையில்லாமல் வேகமாக ஓடுகிறது. உள்ளே ஊசியிலைகளும் கிளைகளும் இழுத்துப் பிடிப்பதால் மெதுவாக நகர்கிறது. இந்த இரண்டு வேகங்களும் சந்திக்கிற இடம் மரங்களின் உச்சி. சில மீட்டர் உயரத்துக்குள் வேகம் இவ்வளவு மாறினால் அந்த எல்லை ஒழுங்காக நிற்காது, மடிந்து, சுருண்டு, பெரிய பெரிய சுழல்களாக உடையும், அவை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டின் தலைமேல் உருண்டு போகும். ஒவ்வொரு சுழலும் மேலே ஓடும் வேகக் காற்றில் ஒரு பங்கை அள்ளிக் கீழே எறிகிறது. உங்கள் முகத்தில் பட்டது அதுதான். வினாடிக்குப் பத்து இருபது தடவை அளக்கும் காற்றுமானிகளைக் காட்டுக்குள் கோபுரம் கட்டி வைத்துப் பார்த்தபோது தெரிந்தது என்னவென்றால், உள்ளே நேரத்தில் பெரும்பகுதி ஒன்றுமே நடப்பதில்லை, நடுவில் வந்துபோகும் இந்தச் சில வீச்சுகள்தான் காற்றின் விசையில் பெரும்பங்கை மரங்களுக்குள் கொண்டுவந்து சேர்க்கின்றன.

ஊரில் கதிர் வந்த நெல்வயலில் காற்று அலையலையாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இதே நிகழ்வுதான் அங்கும் நடக்கிறது, அளவுதான் வேறு. ஜப்பானில் ஈய்ச்சி இனோயே 1950களிலேயே அந்த வயல் அலைகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். 1996இல் ரௌபாக், ஃபின்னிகன், ப்ருனே என்ற மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்று இந்தத் துறையின் பார்வையையே திருப்பியது. சமதரைமேல் ஓடும் காற்றின் விதிகளைக் காட்டின் உச்சிக்குப் பொருத்தக்கூடாது, வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு ஓட்டங்கள் கலக்கிற இடமாக அதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்படிப் பார்த்தால், சுழல்கள் எவ்வளவு பெரியவை, எவ்வளவு இடைவெளியில் வரும் என்பதைக் காட்டின் உயரமும் உச்சியின் அடர்த்தியும்தான் தீர்மானிக்கின்றன. அதாவது மரங்களின் அமைப்பு மாறினால் காற்றே மாறுகிறது.

இப்போது மரத்தின் பக்கம் வருவோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் மரத்துக்குச் சராசரி வேகம் பெரிய பொருட்டில்லை, வீச்சுதான் ஆபத்து. உயரமான ஸ்ப்ரூஸ் ஒரு தடவை ஆடி நேராக நிற்கச் சில வினாடிகள் ஆகும். அதற்குள் அடுத்த வீச்சு வந்தால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். நெருங்கிய காட்டில் பக்கத்து மரத்தின் கிளைகளில் மோதி மோதி அந்த ஆட்டம் அடங்கிவிடும், நீங்கள் சொன்ன துணை என்பது இதுதான். ஆனால் அந்தத் துணைக்கு ஒரு விலை இருக்கிறது. காற்றே படாமல் வளர்ந்த மரம் ஒளிக்காக மேலே மேலே போகும், அடிமரம் பருக்காது, வேரும் பெரிதாகப் பிடிக்காது. வெட்டவெளியில் சின்ன வயதிலிருந்தே ஆடி வளர்ந்த மரம் குட்டையாக, தடியாக, காற்று வரும் திசைக்கு ஏற்ப வேர் ஊன்றி நிற்கும். உங்கள் பக்கத்து நிலக்காரர் வெட்டியபோது, அதுவரை நடுக்காட்டில் இருந்த ஒல்லி மரங்கள் ஒரே நாளில் ஓரத்து மரங்களாகிவிட்டன. அவை பழகி வேரும் தண்டும் பலப்படப் பல வருடங்கள் வேண்டும், அதற்கு முன்பே முதல் குளிர்காலம் வந்துவிடுகிறது. சேதம் முதல் வரிசையோடு நிற்பதும் இல்லை. ஓரத்தில் முட்டிய காற்று எழும்பி, உச்சியைத் தாண்டியபின் அங்கே சுழல்கள் புதிதாகப் பிறந்து வளர்வதால், சில மர உயரம் தள்ளி உள்ளேகூடத் திட்டுத்திட்டாக விழும்.

குட்ரூனில் இதெல்லாம் சேர்ந்து நடந்தது. 2005 ஜனவரி 8 மாலை தொடங்கி இரவு முழுக்க அடித்தது, வெக்ஷோவில் வீச்சு வினாடிக்கு 33 மீட்டர் வரை போனது, மணிக்கு 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த மரம் சுமார் 7.5 கோடி கன மீட்டர், சுவீடன் முழுவதும் ஒரு வருடத்தில் வெட்டுகிற அளவு. கைவிடப்பட்ட பியூஹோல்மா விமான ஓடுபாதையில் அடிமரங்களை மலைமலையாக அடுக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள், இல்லாவிட்டால் காய்ந்து கெட்டுப்போகும். விழுந்ததில் ஐந்தில் நான்கு பங்கு ஸ்ப்ரூஸ். குளிர் போதாமல் நிலம் உறையவில்லை, ஈர மண்ணில் ஸ்ப்ரூஸின் மேலோட்டமான வேர்கள் மண்ணோடு சேர்ந்து ஒரு தட்டுபோலப் பெயர்ந்து வந்தன. பிர்ச் போன்ற இலையுதிர் மரங்கள் அப்போது இலையில்லாமல் இருந்தன, காற்றுக்குப் பிடி கிடைக்கவில்லை. அப்புறம், எங்கே அதிகம் விழுந்தது என்று பின்னால் கணக்கெடுத்தபோது உயரமான ஸ்ப்ரூஸ் காடுகளும், அவற்றிலும் சில வருடங்களுக்குள் இடையிடையே வெட்டி நெருக்கம் குறைத்த காடுகளும் முன்னால் நின்றன. நெருக்கம் குறைத்தால் உச்சி சொரசொரப்பாகி வீச்சு ஆழமாக இறங்குகிறது, மோதி ஆட்டத்தை அடக்கப் பக்கத்தில் கிளையும் இல்லை.

எனக்கு வருத்தமான விஷயம் அதற்குப் பிறகு நடந்ததுதான். இலையுதிர் மரங்களை நட அரசு உதவி தந்தும், பெரும்பாலானோர் திரும்ப ஸ்ப்ரூஸையே நட்டார்கள். அவர்கள் பக்கம் காரணம் இருக்கிறது, பழக்கப்பட்ட மரம், உறுதியான விலை, பைனையும் பிர்ச்சையும் நட்டால் மூஸ் மான்கள் கன்றிலேயே தின்றுவிடும். ஆனாலும் ஒரே வயது, ஒரே உயரம், பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை வெவ்வேறு வருடம் மொத்தமாக வெட்டுவது என்ற முறை தொடரும்வரை, ஒவ்வொரு வெட்டும் ஒரு புதிய ஓரத்தைத் திறந்துவிடும், அந்த ஓரத்துக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் வெட்டியவர் அல்ல, பக்கத்துக்காரர். புயலைக் குறை சொல்லிவிட்டு இதைப் பேசாமல் விடுவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். வெட்டும் வரிசையை அண்டை நிலக்காரர்கள் சேர்ந்து திட்டமிடலாம். பலமாகக் காற்று வரும் பக்கம், தென்மேற்கும் மேற்கும், புதரிலிருந்து மரம்வரை படிப்படியாக உயர்கிற ஓரம் ஒன்றை இளம் காடாக இருக்கும்போதே வளர்த்துவைக்கலாம்.

இதே கணக்குதான் அப்பாவின் தோட்டத்துக்கும். மதில் மாதிரி வேண்டாம் என்று சொல்லுங்கள். காற்றே புகாத தடுப்பின் பின்னால் நல்ல அமைதி கிடைக்கும், ஆனால் கொஞ்ச தூரத்துக்குத்தான். மேலே தாவிய வேகக் காற்றுக்கும் பின்னால் தேங்கிய காற்றுக்கும் நடுவே பலமான சுழல்கள் கிளம்பிச் சீக்கிரமே தரைக்கு இறங்கிவிடும், அங்கே நிற்கிற வாழைக்கு முன்பைவிட மோசம். பாதிக்குப் பாதி காற்றை உள்ளே கசியவிடுகிற வேலியாக இருந்தால் அந்தக் கசிவு சுழல்களை அடக்கும், பாதுகாப்பு மர உயரத்தைப்போல் பத்து, பதினைந்து மடங்கு தூரம்வரை நீளும். பத்து மீட்டர் சவுக்கு என்றால் நூறு மீட்டருக்கு மேல் உண்மையான பலன் இருக்கும், அதற்கப்பால் குறைந்துகொண்டே போகும். தோட்டம் அதைவிட நீளமானால் நடுவில் இன்னொரு வரிசை வேண்டும்.

சவுக்கு இரண்டு வரிசை போதும், முக்கோண நடவாக, ஒரு வரிசை இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசை மரம் வரும்படி நடச் சொல்லுங்கள். வளர வளர சவுக்கின் அடிக்கிளைகள் காய்ந்துவிடும், அப்போது அடியில் மட்டும் காற்று பீறிட்டு வரும், அதனால் வாழை பக்கமாக அகத்தியோ கிளரிசிடியாவோ ஒரு வரிசை சேர்த்துவிட வேண்டும். முதல் வாழை வரிசையை வேலியிலிருந்து சில மீட்டர் தள்ளி வையுங்கள், வேர்ப்போட்டி இருக்கும். முக்கியமாக, வண்டி போக மேற்கு வேலியில் திறப்பு விட்டால் மொத்தக் காற்றும் அங்கே நெருங்கி, வெளியே இருப்பதைவிட வேகமாக உள்ளே பாயும். பாதையை வடக்கு அல்லது தெற்குப் பக்கம் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் வேலியைக் குறுக்காகச் சாய்வாகக் கடக்கும்படி வெட்டுங்கள். மரம் வளரும் வரைக்கும் குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பதை விடவேண்டாம்.

அன்புடன்.