டெஸ்ட் ஃப்ரேம்வொர்க்குக்குத் தனிக்குடித்தனம் தேவையா?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி நடத்துகிறோம். அதைச் சோதிக்க நாங்களே எழுதிய டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் வளர்ந்து வளர்ந்து 4,000 வரியைத் தாண்டிவிட்டது. "தனி ரெப்போவாக (கோடும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியமாக) பிரித்துவிடலாம், மற்றவர்களும் பயன்படுத்துவார்கள்" என்கிறார்கள் மூன்று பேர். "இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்" என்கிறோம் மற்ற மூன்று பேர். நீங்கள் எந்தப் பக்கம்?

பதில்: உங்கள் பக்கம்தான். அதற்காக எதிரணியைக் கிண்டல் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு காலத்தில் நானும் அந்த அணியில் இருந்தவன்தான்.

4,000 வரியா, 40,000 வரியா என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. உங்கள் டெஸ்ட்கள் லைப்ரரியின் எந்தப் பகுதியைத் தொடுகின்றன என்று பாருங்கள். வெளியே எல்லோருக்கும் தெரிகிற ஃபங்ஷன்களை மட்டும் கூப்பிடுகின்றனவா, இல்லை உள்ளே கைவிட்டுத் துழாவுகின்றனவா?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இரண்டு வகையையும் பார்க்கலாம். லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட் என்கிற எல்டிபி, கெர்னலுக்கு வெளியே தனியாக வாழ்கிறது. அது பெரும்பாலும் சோதிப்பது சிஸ்டம் கால்களை, அதாவது நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வாசல்களை. பழைய நிரல்கள் உடையக்கூடாது என்பதற்காகக் கெர்னல்காரர்கள் அந்த வாசல்களின் நடத்தையை லேசில் மாற்ற மாட்டார்கள். தரை அசையாததால் எல்டிபி வெளியே வீடு கட்டிக்கொண்டது. அதை எந்தக் கெர்னல் மேலும் ஓட்டிப் பார்க்கலாம். கேயூனிட் என்கிற இன்னொரு டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் அப்படியில்லை. அது கெர்னலின் உள் ஃபங்ஷன்களையே நேரடியாகக் கூப்பிட்டுச் சோதிக்கிறது. அந்த ஃபங்ஷன்கள் இன்று ஒரு மாதிரி இருக்கும், அடுத்த ரிலீஸில் வேறு மாதிரி இருக்கும். அதனால் 2020 ஜனவரியில் வந்த 5.5 பதிப்பிலிருந்து அது கெர்னல் மரத்துக்கு (அதன் சோர்ஸ் கோடு முழுவதும் இருக்கும் இடத்துக்கு) உள்ளேயே குடியிருக்கிறது.

இது தெரியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நாங்கள் நாலு பேர் பராமரித்த ஒரு கம்ப்ரஷன் கருவிக்கும் இதே போல ஒரு ஃப்ரேம்வொர்க் இருந்தது. அதைப் பிரித்துத் தனி ரெப்போவாக்கி, அழகாக ஒரு ரீட்மீயும் எழுதி வைத்தோம். வெளியிலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. டெஸ்ட் ஓட்டும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் போய் ஃப்ரேம்வொர்க்கின் ஆகக் கடைசிப் பதிப்பை இழுத்துவரும். வசதியாகத்தான் இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு புகார் வந்தது: குறிப்பிட்ட அளவுள்ள ஃபைலைச் சுருக்கி விரித்தால் கடைசி பிளாக் காணாமல் போகிறது. நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவே நானூற்றுச் சொச்சம் கமிட், அதாவது பதிந்து வைத்த மாற்றங்கள். அதனாலென்ன, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளை, நடுக் கமிட்டைச் சோதித்துப் பாதி பாதியாகக் குறைத்து, ஒன்பது படியில் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்துவிடும் என்று ஓட்டிவிட்டு உட்கார்ந்தேன். பிடித்தும் கொடுத்தது. யாரை? ஒரு கமென்ட்டில் எழுத்துப்பிழை திருத்திய கமிட்டை!

அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. கருவி எட்டு மாதம் பின்னால் போனது, ஃப்ரேம்வொர்க் நிகழ்காலத்திலேயே நின்றது. நடுவில் உள் பஃபர் ஸ்ட்ரக்சரில் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றியிருந்தோம். பழைய கமிட்டுகளில் அந்தப் பெயரே இல்லாததால் டெஸ்ட் கம்பைல்கூட ஆகாமல் விழுந்திருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் ஸ்கிரிப்ட் 125 என்ற எண்ணோடு வெளியேறினால், பைசெக்ட் அந்தக் கமிட்டைச் சோதிக்க முடியாதது என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகும். எங்கள் ஸ்கிரிப்ட் 1 என்று சொல்லி வைத்தது. 1 என்றால் பைசெக்டுக்குக் கெட்ட கமிட். அது பாவம், சொன்னதை நம்பியது.

சப்மாட்யூலாக, அதாவது ரெப்போவுக்குள் கோத்த இன்னொரு ரெப்போவாக, வைத்திருந்தால் இது நடந்திருக்காதே என்பீர்கள். ஓரளவு உண்மைதான், ஒவ்வொரு கமிட்டும் தனக்கு வேண்டிய ஃப்ரேம்வொர்க் கமிட்டைக் குறித்து வைத்திருக்கும். ஆனால் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்ற இரண்டு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை), இரண்டு ரிவ்யூ, எதை முதலில் மெர்ஜ் செய்வது என்று ஒரு பஞ்சாயத்து. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ், பெர்ல் மொழியில் எழுதிய தன் டெஸ்ட் மாட்யூல்களைச் சொந்த மரத்திலேயே வைத்திருக்கிறது. 15ஆம் பதிப்புக்கான வேலையின்போது போஸ்ட்கிரெஸ்நோடு என்ற மாட்யூலுக்குப் பெயர் மாற்றினார்கள். அதைப் பயன்படுத்திய டெஸ்ட்களும் அதே கமிட்டில் மாறின. உள்ளே இருப்பதன் சுகம் அது.

இன்னொன்று. மற்றவர்கள் பயன்படுத்த வேண்டுமென்றால் வீட்டைக் காலி செய்துதான் ஆக வேண்டும் என்றில்லை. அதே போஸ்ட்கிரெஸில் பிஜி ரெக்ரெஸ் என்ற டெஸ்ட் ஓட்டி உள்ளேதான் இருக்கிறது. ஆனால் எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் வசதி எழுதுகிறவர் தன் பில்ட் குறிப்பான மேக்ஃபைலில் ரெக்ரெஸ் என்று ஒரு வரி போட்டால் அதை வைத்தே தன் டெஸ்ட்களை ஓட்டிக்கொள்ளலாம். கிட்டின் ஷெல் டெஸ்ட் லைப்ரரியும் அதன் மரத்தில்தான் இருக்கிறது. அது பிடித்துப்போன வெளியாட்கள் அதிலிருந்து ஷார்னஸ் என்று தனியே ஒன்றை உருவாக்கிக்கொண்டார்கள். அதற்காகக் கிட் ஒன்றும் இடம் பெயரவில்லை.

எப்போது பிரிக்கலாம்? ஒரே விதிமுறையைப் பலர் தனித்தனியே நிறைவேற்றும்போது. பிரவுசர்களைச் சோதிக்கும் வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் தனி ரெப்போ. குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுமே அதன் நகலைத் தங்கள் மரத்தில் வைத்துக்கொண்டு, தங்கள் பக்கம் செய்கிற திருத்தங்களை மேலே அனுப்புகின்றன. அங்கே அந்த ரெப்போவை ஒருவர் வீட்டுக்குள் வைத்தால் மற்றவர் ஒப்புவாரா?

உங்களுக்கு அப்படி இரண்டாவது வீடு இன்னும் வரவில்லை. வரும்வரை ரெப்போவுக்குள்ளேயே தனி ஃபோல்டர், தனி பில்ட் டார்கெட், போதும். பொது உதவி ஃபங்ஷன்கள் ஒரு பக்கம், உங்கள் லைப்ரரியின் உள்விவகாரம் தெரிந்தவை இன்னொரு பக்கம் என்று கோடு மட்டும் கிழித்து வையுங்கள். நாளைக்கே பிரிக்க நேர்ந்தாலும் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்.

கேள்வி: டெஸ்ட் ஃபோல்டரை ரிலீஸ் டார்பாலில் (வெளியிடும் சோர்ஸ் தொகுப்பில்) சேர்க்கலாமா? அதையெல்லாம் யாரும் பார்க்கப்போவதில்லையே?

பதில்: சேருங்கள். லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் டிஸ்ட்ரோக்காரர்கள் தங்கள் கணினிகளில் அந்த டெஸ்ட்களை ஓட்டிப் பார்ப்பார்கள். "யாரும் பார்க்கப்போவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் கருவியின் பின்கதவு (திருட்டுத்தனமாக நுழைய வைத்த வழி) ஒளிந்திருந்தது டெஸ்ட் ஃபைல்களில்தான். கெட்டுப்போன ஃபைலை எப்படிக் கையாள்கிறது என்று சோதிப்பதற்கான மாதிரி போல அவற்றில் ஒன்று கிடந்தது. கெட்டுப்போன ஃபைலைத் திறந்து படிக்கிறவர் யார்? அதை உயிர்ப்பிக்கிற பில்ட் ஸ்கிரிப்ட் துண்டு கிட் ரெப்போவில் இல்லை, 5.6.0, 5.6.1 டார்பால்களில் மட்டும் இருந்தது. முடிந்தவரை பைனரி மாதிரிகளை அப்படியே கமிட் செய்யாமல், டெஸ்ட் ஓடும்போது உருவாக்கிக்கொள்ள ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். என் கருவியில் இன்னும் மூன்று பாக்கி இருக்கின்றன.