விலங்குகளிலிருந்து பெறப்படும் நுண்ணுயிரெதிர்ப் பெப்தைட்டுகளில் எது சிறந்தது?

தவளை, பன்றி, தேனீ ஆகியவற்றின் பெப்தைட்டுகளை (நுண்ணுயிர்களைக் கொல்லும் குறுகிய அமினோ அமிலச் சங்கிலிகளை) ஒப்பிட்டு, மருந்தாகப் பயன்பட எதற்கு முதலிடம் தருவீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பற்றீரியாவைக் கொல்லும் வீரியத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிப் பார்த்தால் தேனீ நஞ்சிலுள்ள மெலிட்டின் முன்வரிசைக்கு வந்துவிடும்.

உலர்ந்த தேனீ நஞ்சில் ஏறக்குறையப் பாதி மெலிட்டின்தான். 26 அமினோ அமிலங்களாலான அது, பற்றீரியாவின் மென்சவ்வை மட்டுமன்றி நமது செங்குருதிக் கலங்களையும் உடைத்துவிடும். மலையக மருத்துவமனை ஆய்வுகூடங்களில் வேலை செய்யும் எங்களுக்கு இது ஏட்டறிவு அல்ல. கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்து, உடம்பெல்லாம் கொட்டு வாங்கியவரின் குருதியைச் சுழற்றியில் இட்டு எடுத்தால், மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் சிவந்திருப்பதுண்டு. சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் வரும், சிறுநீரகமும் பழுதுபடலாம். ஒரு பெப்தைட்டு நமக்கு ஆபத்தானதா என்பதை ஆய்வாளர்கள் சோதிப்பதும் ஏறத்தாழ இதே வழியில்தான்: செங்குருதிக் கலங்களோடு அதைக் கலந்து, எவ்வளவு ஈமோகுளோபின் வெளியே கசிகிறது என்று அளப்பார்கள். பற்றீரியாவைக் கொல்லும் செறிவுக்கும் குருதிக் கலத்தை உடைக்கும் செறிவுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதே நான் பார்க்கும் அளவுகோல்.

அந்த அளவுகோலில், ஆபிரிக்க நகத்தவளையின் தோலிலிருந்து ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லொஃப் 1987இல் பிரித்தெடுத்த மகைனின் மெலிட்டினைவிட எவ்வளவோ மேல். நேர்மின்னேற்றம் கொண்ட இப்பெப்தைட்டு, எதிர்மின்னேற்றமுள்ள பற்றீரிய மென்சவ்வில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். நமது கலங்களின் வெளிப்பரப்போ ஏறத்தாழ நடுநிலையானது, கொலஸ்டெரோலும் அதில் உண்டு; அதனால் அங்கு அது எளிதில் ஒட்டாது. ஆனால் கொல்லும் வீரியம் மிதமானதுதான். அதைத் திருத்தி உருவாக்கிய பெக்சிகனான் களிம்பு நீரிழிவுக் கால்புண்ணுக்காகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டும், வழக்கிலுள்ள மாத்திரையை விஞ்சாததால், 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெறவில்லை.

பன்றியின் புரோட்டெகிரின், இரண்டு இருசல்பைட்டுப் பிணைப்புகளால் இறுகியிருப்பதால் குருதியின் உப்புச் செறிவிலும் வீரியம் குன்றாது. குருதிக் கலங்களை உடைக்கும் குறை அதற்கும் உண்டு. ஒப்பீட்டுக்கு மனித உடல் தானே உண்டாக்கும் எல்எல்-37 என்ற பெப்தைட்டையும் சொல்லலாம்: அது நோயெதிர்ப்புக் கலங்களை அழைத்துவரும் வேலையையும் செய்வதால், அதனைக் கொல்லும் திறனால் மட்டும் எடைபோடுவது நியாயமாகாது.

என் தெரிவு, அதே தேனீயின் குருதிநீரில் 1989இல் கண்டறியப்பட்ட அபிடேசின். புரோலின் நிறைந்த, ஏறக்குறைய 18 அமினோ அமிலங்களே கொண்ட அது மென்சவ்வைத் துளைப்பதில்லை. உள்ளே நுழைந்து, புரதத் தொகுப்பு முடியும் தறுவாயில், அதைச் செய்யும் கல உறுப்பான ரைபோசோமை முடக்கிவிடும். செங்குருதிக் கலங்களுக்குத் தீங்கில்லை. ஆயினும் அதன் வீச்சு பெரும்பாலும் கிராம் எதிர் எனப்படும் ஒரு வகைப் பற்றீரியாக்களுக்குள் அடங்கிவிடுகிறது. உள்ளே செல்ல ஒரு காவிப் புரதத்தின் துணையும் வேண்டியிருப்பதால், அந்தப் புரதத்தை இழந்த பற்றீரியா அதன் பிடியிலிருந்து பெருமளவு தப்பிவிடும்.